வியாழனின் வயிறும் யசோதாவின் உரலும்

யசோதா வீட்டில் யாரும் எதையும் தொப்பென்று கீழே போடக் கூடாது. சாம்பியன் ரீஃப் சுரங்கக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைனில் இது எல்லோருக்கும் தெரியும். விறகு கொண்டுவருகிறவள் சுமையை வாசலில் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு விறகாக எடுத்து உள்ளே அடுக்குவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாண்டி ஆடும்போது யசோதாவின் மகள் லீலா ஓரமாக நின்று சில்லு எடுத்துக் கொடுப்பாளே தவிர, நொண்டியடித்து ஒரு கட்டம்கூடத் தாண்ட மாட்டாள். யசோதாவோ தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போவது போலத்தான் தன் வீட்டுக்குள் நடப்பாள்.

வீட்டுக்குக் கீழே அவள் புருஷன் இருந்தான்.

கேட்டவுடன் பைத்தியக்காரி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கோலார் தங்கவயலில் தகரக் கூரை போட்ட லைன் வீடுகளுக்கு அடியில் சுரங்கம் எந்தெந்தப் பக்கம் ஓடுகிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. தரைக்குக் கீழே இன்னொரு ஊரே உண்டு. அதற்குள் இறங்கிய ஆண்பிள்ளைகள் ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வந்தால்தான் மேல் ஊரில் அடுப்பு நிம்மதியாக எரியும்.

அசோகன் மேலே வரவில்லை. லீலாவுக்கு அப்போது பால் பல்கூட விழவில்லை. ஒரு மத்தியானம் பூமி ஒரு குலுங்கு குலுங்கியது. அலமாரித் தட்டுகள் உருண்டன. பர்ஸ்ட் என்று சுரங்கத்தார் சொல்லும் பாறை வெடிப்பு அது. பூமி குலுங்கினால் அந்த ஊர்ப் பெண்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அவிழ்ந்த தலை அவிழ்ந்தபடி, அடுப்பில் உலை கொதித்தபடி, கேஜ் இறங்குகிற ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். கேஜ் மேலே வரவர அவரவர் புருஷன் முகத்தைத் தேடுவார்கள். அன்றைக்கு ஒவ்வொருத்தியும் தன் ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். கடைசி கேஜும் காலியான பிறகு அங்கே நின்றவள் யசோதா ஒருத்திதான்.

தேடினார்கள். தேடுகிறவர்களின் தலைக்கு மேலேயே பாறை படபடவென்று முறிந்ததால் தேடுவதை நிறுத்திவிட்டு அந்த இடத்தை அடைத்தார்கள். உடல் கிடைக்கவில்லை. செய்தி சொல்ல வந்த அதிகாரி நல்ல மனுஷன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எங்கேயோ இல்லம்மா, உங்க வீட்டுக்கு நேர் கீழதான் இருக்கார், ரொம்ப ஆழத்துல" என்றார். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். யசோதா அன்று சாயங்காலமே தன் உரலையும் உலக்கையையும் பக்கத்து வீட்டு மங்கம்மாவிடம் உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

"இன்னாத்துக்கு யசோதா?" என்று கேட்டாள் மங்கம்மா.

"அவரு மேல இடிக்க வேணாம்" என்றாள் யசோதா.

உரலைக் கொடுத்தது சின்ன விஷயமில்லை. ஆண்டர்சன்பேட்டையில் வளர்ந்த காலத்திலேயே யசோதாவின் உலக்கைக்கு ஊரில் பேர் உண்டு. வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். வந்த இடத்தில் பௌத்தம் தழுவியது. வீட்டில் பெண்கள் சத்தமாகச் சிரிக்கலாம், சத்தமாகப் பேசலாம். யசோதா இரண்டையும் குறைவில்லாமல் செய்தாள். அவள் மிளகாய் இடித்தால் தெருக்கோடியில் தும்முவார்கள். அந்த உலக்கைச் சத்தத்தைக் கேட்டுத்தான் அசோகன் முதன்முதலில் அந்தத் தெருவில் திரும்பிப் பார்த்தானாம். மைசூர் சர்க்கார் சுரங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்ட வருஷம் கல்யாணம். அதற்குப் பிறகு அவன் ஷிஃப்ட் முடிந்து வரும்போதெல்லாம், "உன் உலக்க சத்தம் கீழ வரிக்கும் கேக்குதுடி, பாற வெடிக்குதுன்னு பயந்துகினோம்" என்று கிண்டல் செய்வான். அவள் உலக்கையாலேயே அவனை அடிக்க ஓங்குவாள்.

அப்படிப்பட்டவள் உரலைக் கொடுத்துவிட்டு, மிளகாயை அம்மியில் சத்தமில்லாமல் அரைக்க ஆரம்பித்தாள். சுரங்கப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது; சுரங்கத்தார் கொடுத்த வீடும் கையில் தங்கியது. லைன்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டு ஆண்களும் கீழே போகிறவர்கள்தானே. சிரிக்க யாருக்கும் வாய் வரவில்லை.

இப்படியே அவள் காலம் போயிருக்கும். அப்பாதுரையின் சொற்பொழிவு வந்து அதைக் கெடுத்தது.

அப்பாதுரை, அசோகன் வேலை செய்த அதே கேங்கில் மரமிஸ்திரி. சுரங்கத்தில் கூரை சரியாமல் மரம் முட்டுக்கொடுப்பதும் கல் அடுக்கி அடைப்பதும் அவர் வேலை. வாய் மட்டும் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பௌத்த சங்கக் கூடத்தில் பஞ்சசீலம் சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர் அறிவு விளக்கமாகப் பேச வேண்டும் என்பது வழக்கம். மற்றவர்களுக்கு அது கடமை, அப்பாதுரைக்கு அது பண்டிகை. அந்தச் சமயத்தில் வானத்திலிருந்து வரும் நுண்ணிய துகள்களைப் பிடிப்பதற்காகச் சுரங்கத்தின் ஆழத்தில் சில விஞ்ஞானிகள் கருவிகள் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு மரம் கட்டிக் கொடுக்கப் போன அப்பாதுரை, டீ குடிக்கும் நேரத்தில் அவர்களை விடாமல் துளைத்துத் துளைத்து ஏராளமாகத் தெரிந்துகொண்டு வந்தார். அறுபதுகளின் பிற்பாதியில் ஒரு ஞாயிறு, "வியாழனின் வயிற்றில் என்ன?" என்று தலைப்பு எழுதி ஒட்டிவிட்டார்.

கூடம் நிறைந்திருந்தது. யசோதா லீலாவோடு பெண்கள் பக்கம் கடைசியில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"தோழர்களே, தாய்மார்களே!" என்று மேடைத் தமிழில் எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போனார் அப்பாதுரை. ஆனால் அந்தத் தமிழ் அவரிடம் ரொம்ப நேரம் நிற்காது. "சாணிக் குழியில குமிழி வருதே, குச்சி கிழிச்சிக் காட்டுனா நீலமா எரியுதே, அதுக்குப் பேரு மீத்தேன். நடுவுல கரி ஒண்ணு, அதைச் சுத்தி ஹைட்ரஜன் நாலு. நாலு புள்ளைங்க தாய் கையைப் புடிச்சிகினு நிக்கிற மாதிரி. அந்த வாயுதான் வியாழன்ல, சனியில, அதுக்கும் தூரத்துல இருக்கிற யுரேனஸ், நெப்டியூன்ல எல்லாம் இருக்குது."

"சாணி எங்க இருந்து வந்துச்சி அங்க?" என்று யாரோ கேட்க, கூடம் சிரித்தது.

"சாணி இல்லாமலே இருக்குது, கேளுங்க. அங்க கால் வைக்கத் தரையே கெடையாது. இறங்க இறங்க மேல இருக்கிற பாரத்துல வாயு நெருங்கி நெருங்கி, தண்ணி மாதிரி கெட்டியாவும். எங்க வாயு முடிஞ்சிது, எங்க தண்ணி ஆரம்பிச்சிதுன்னு கோடு போட முடியாது. இன்னும் கீழ போனா சூடு உலைக்களம்தான். நெப்டியூன் மாதிரி கெரகத்தோட அடிவயித்துல அந்த நாலு புள்ளைங்களும் கையை விட்டுடும், கரி தனியா பிரிஞ்சிடும்னு சொல்றாங்க. அந்தக் கரியை அவ்ளோ அழுத்தத்துல அழுத்தினா இன்னா ஆவும்?"

"வைரம்!" என்றது முன்வரிசை.

"ஆவலாம். போயிப் பாத்தவன் எவனும் இல்ல. டீ குடிக்கையில அந்த விஞ்ஞானிங்க ஊகமா சொன்னது, அவ்ளோதான்."

"நம்ம சாம்பியன் ரீஃபை விடவா ஆழம்?" என்று கேட்டது ஒரு கிழக்குரல். தங்கவயல்காரனுக்கு உலகத்தில் எந்த ஆழமும் தன் சுரங்கத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் ஆழம்.

"நம்ம ஆழம் அதுக்கு மேல்தோல், பெரியவரே! ஆனா சட்டம் ஒண்ணுதான்" என்றார் அப்பாதுரை. கைதட்டல் அவரைத் தூக்கிவிட்டது. குரலை உயர்த்தினார். "கீழ இருக்கிறது மேல இருக்கிற அத்தனையையும் சுமக்குது. மேல ஒரு குண்டுமணி வெச்சாலும் அதோட பாரம் அடிவரைக்கும் போயிச் சேரும். பாரம் எங்கயும் தொலையாது. அடியில இருக்கிறவன் தாங்கிகினே இருக்கணும்!"

கைதட்டல் கூரையை எட்டியது. யசோதா லீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் பாறையில் துளை போடும் டிரில்லர் ஒருவர் எழுந்து, "அவ்ளோ அழுத்தம் இருந்தா நம்ம பாற மாதிரி அது ஏன் வெடிக்கல?" என்று கேட்டார். அதற்கு அப்பாதுரை சொன்ன பதிலைக் கேட்டுவிட்டுப் போயிருந்தால் யசோதா இவ்வளவு பட்டிருக்க மாட்டாள். பாதிச் சொற்பொழிவு ஆளைக் கொல்லும் என்பது அப்பாதுரைக்கு மறுநாள்தான் புரிந்தது.

மறுநாள் காலையில் மங்கம்மா கதவைத் திறந்தபோது யசோதா வீட்டுச் சாமான்கள் அத்தனையும் லைன் நடுவே கிடந்தன. டிரங்குப் பெட்டி, கயிற்றுக் கட்டில், அம்மிக்கல், தண்ணீர்க் குடங்கள், ராகி டின், கோழிக் கூடை. தூறல் வேறு. லீலா பெட்டியின் மேல் குடை பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றாள். யசோதா உள்ளே சுவர் அலமாரிப் பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது கண்றாவி?"

"பாரத்தக் குறைக்கிறேன்" என்றாள் யசோதா. அவள் கண்ணில் தூக்கம் இல்லை. "குண்டுமணி வெச்சாலும் போயிச் சேருமாம். நான் இத்தன வருசமா சத்தம் போடாம இருந்தாப் போதும்னு இருந்துட்டேன் மங்கம்மா. அம்மிக்கல்ல அவரு மேல வெச்சிகினே இருந்துட்டேன்."

"அப்ப நீயும் புள்ளையும் எங்க படுப்பீங்க?"

"வெளிய."

மங்கம்மா லைனின் இரண்டு பக்கமும் பார்த்தாள். லைன் இன்ஸ்பெக்டர் பார்த்தால் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எழுதி வீட்டைப் பிடுங்கிவிடுவார். பெண்ணை எங்கேயாவது விடுதியில் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். மங்கம்மா காலில் செருப்பில்லாமல் ஓடிப்போய் அப்பாதுரையை இழுத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு மத்தியான ஷிஃப்ட். பல் துலக்கிய வேப்பங்குச்சி கையிலேயே இருந்தது.

தெருவில் கிடந்த அம்மிக்கல்லைப் பார்த்ததும் அப்பாதுரைக்கு நேற்றைய கைதட்டல் முழுவதும் காதில் விழுந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று.

"அண்ணி, நீங்க பாதியில எந்திரிச்சிப் போயிட்டீங்க."

"கேட்ட வரிக்கும் போதும்."

"இல்லண்ணி. நீங்க போனப்பறம் அந்த மீத்தேன் ஏன் வெடிக்கலன்னு ஒருத்தரு கேட்டாரு, அதுக்கு நான் சொன்னதக் கேளுங்க. அழுத்தத்தால மட்டும் எதுவும் நசுங்காது. ஒரு பக்கம் அழுத்தம், ஒரு பக்கம் காலி, அப்பத்தான் நசுங்கும், வெடிக்கும். நாம பாறையில குடைஞ்சி காலி பண்றோம் பாருங்க, அந்தக் காலிய நோக்கித்தான் பாற பாயுது. அந்தக் கெரகத்துக்குள்ள காலியே கெடையாது. மேல, கீழ, பக்கத்துல எல்லாம் ஒரே அழுத்தம். எந்தப் பக்கமும் தள்ள முடியாது. அதனாலதான் அது வெடிக்காம, அமைதியா வேற ஒண்ணா மாறுது."

"வாயால நீ வைரமும் பண்ணுவ" என்றாள் யசோதா. "காட்டு. காட்ட முடியலன்னா போயி உன் வேலையப் பாரு."

அப்பாதுரை சுற்றுமுற்றும் பார்த்தார். கோழிக் கூடையில் கை விட்டு ஒரு முட்டையை எடுத்தார். ராகியைச் சாக்கில் கொட்டி டின்னைக் காலி செய்து, முட்டையை அடியில் வைத்து, ராகியை அதன் மேல் சரித்தார். டின்னுக்குள் இறங்குகிற அளவில் ஒரு பலகைத் துண்டைத் தேடிப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். உள்ளே நறுக்கென்றது. ராகியைக் கொட்டிப் பார்த்தபோது முட்டை கூழாகியிருந்தது.

லீலா மறுபடி அழ ஆரம்பித்தாள். அப்பாதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுததை அந்த லைன் அதற்கு முன் பார்த்ததில்லை.

யசோதா குனிந்து டின்னுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அடியில ஒண்ணுமே போடல நீ. வெறுந்தகரத்து மேல வெச்ச" என்றாள். "பக்கத்துலயும் குலுக்கி அடைக்கல. சுத்திக் காலி."

அவளே உட்கார்ந்தாள். டின்னைத் துடைத்தாள். அடியில் ராகி போட்டுத் தட்டினாள். இன்னொரு முட்டையைப் படுக்க வைத்து, நாலு பக்கமும் ராகியை விரலால் தள்ளித் தள்ளி இறுக்கினாள். மேலே ராகி போட்டு, டின்னைக் குலுக்கி, மறுபடி போட்டாள். பலகையை வைத்தாள். அப்பாதுரை பயந்து பயந்து ஏறி நின்றார். சத்தம் வரவில்லை. மங்கம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பலகை ஓரத்தில் தானும் ஒரு காலை ஊன்றினாள். அப்போதும் சத்தம் வரவில்லை.

யசோதா ராகிக்குள் கை விட்டு முட்டையை எடுத்தாள். அதில் ஒரு கீறல் இல்லை. அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அவரு இருக்கிற எடத்த யாரு அடைச்சது?"

அப்பாதுரை தலையைக் குனிந்தார். இத்தனை வருஷமாக அவர் இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் உட்காராமல் வாசலோடு போனதற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

"எங்க கேங்குதான் அண்ணி. கடைசிக் கல்லு நான் வெச்சது."

யசோதா கோபப்படுவாள் என்று மங்கம்மா நினைத்தாள். அவள் கோபப்படவில்லை. அப்பாதுரையின் பக்கத்தில் வந்து, ரொம்ப மெதுவாக, "காலி விட்டியா?" என்று கேட்டாள்.

"விடல." அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "சரிஞ்ச கல்லே பாதிய ரொப்பிடிச்சி. மீதிய நாங்க கல்லும் மணலுமா ரொப்பினோம். மேஸ்திரி போதும் வாடான்னாரு. நான் வரல. சந்து சந்தா கையை உள்ள வுட்டுத் தடவிப் பாத்தேன். எங்கயும் காலி இல்ல அண்ணி. அண்ணன் மேல இப்ப எதுவும் பாயாது. மேல இருக்கிற பாரத்த சுத்தி இருக்கிற கல்லும் மணலும் சேந்து தாங்கிகினு கீது. உங்க அம்மிக்கல்லு அந்தப் பாறைக்குத் தூசு."

யசோதா டின்னில் முட்டையை மறுபடி வைத்து, முன்னைப் போலவே சுற்றிலும் இறுக்கி, பலகையைப் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே மேலே ஏறினாள். வருஷக்கணக்காக எந்தத் தரையிலும் முழுப்பாரத்தை வைத்து நிற்காத பெண், இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். தூறல் அவள் முகத்தில் விழுந்தது. லீலாவைப் பார்த்துக் கையை நீட்டி, அவளையும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வளர்ந்த பெண், கால் தொங்கியது.

"அம்மா, ஒடஞ்சிடும்மா" என்றாள் லீலா.

"ஒடையாது."

இறங்கி முட்டையை எடுத்தபோது அது முழுசாக இருந்தது. மங்கம்மா வாய்விட்டு அழுதாள். யசோதா அழவில்லை. முட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "அப்ப அவரும் வைரமாயிடுவாரா?" என்று கேட்டாள்.

அப்பாதுரைக்கு ஒரு கணம் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னால் இவள் சந்தோஷப்படுவாள். ஆனால் நேற்று ஒரு வார்த்தையை அழகுக்காகச் சொன்னதற்குப் பட்டது போதும். "ஆவ மாட்டாரு அண்ணி. அதுக்கு வேணும்ங்கிற அழுத்தம் அந்தக் கெரகத்துலதான் கீது. நம்ம சுரங்கத்துக்கு அது பத்தாது. அண்ணன் அண்ணனாத்தான் இருப்பாரு."

யசோதா சிரித்தாள். லைன்காரர்கள் அந்தச் சிரிப்பை மறந்தே போயிருந்தார்கள். "அதான் நல்லது. ஞாயித்துக்கெழமகூட சட்டைய மாத்த மாட்டாரு மனுசன். அவரப் போயி ஜொலிக்கச் சொன்னா ஜொலிப்பாரா?"

சாமான்களை எல்லோரும் சேர்ந்து உள்ளே தூக்கினார்கள். அம்மிக்கல்லை மெதுவாக வைக்கப் போன அப்பாதுரையிடம், "போடு, ஒண்ணும் ஆவாது" என்றாள். அன்று அவர் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து டீ குடித்தார். பிறகு மத்தியான ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய யசோதா, மங்கம்மா வீட்டுக்குப் போய்த் தன் உரலைக் கேட்டாள். இருவரும் அதை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வறுத்த மிளகாயைப் போட்டு, உலக்கையை இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டாள்.

தொம்மென்று ஒரு சத்தம். அந்த வீட்டிலிருந்து இப்படியொரு சத்தம் வந்து எத்தனையோ வருஷமாயிற்று. எதிர் வீட்டுக்காரி கரண்டியோடு வெளியே வந்தாள். நாலு கதவு தள்ளியிருந்தவள் குழந்தையை இடுப்பில் வாரிக்கொண்டு ஷாஃப்ட் பக்கம் பாதித் தூரம் ஓடியே போய்விட்டாள். லைன் முழுக்க "எங்க, எங்க" என்று குரல்கள்.

யசோதா உலக்கையும் கையுமாக வாசலுக்கு வந்தாள். மிளகாய் நெடியில் அவள் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"பர்ஸ்ட்டு இல்ல, நான்தான்" என்றாள். "மொளகா இடிக்கிறேன். கீழ வரிக்கும் கேக்குதுன்னு அவரு சொல்வாரு. கேக்கட்டும்னு இடிக்கிறேன். போங்க, போயி அடுப்பப் பாருங்க."

உள்ளே திரும்பிப் போனாள். ஓடிப்போனவள் திரும்பி வருவதற்குள் உலக்கை மறுபடி இறங்க ஆரம்பித்திருந்தது. லீலா வாசலில் கரித்துண்டால் கட்டம் போட்டு, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள்.